நாரையும் நானும்

உபாத்தியாயர் தொழிலில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. தமக்குத் தெரியாத விஷயத்தையும் தெரிந்ததுபோல் நாற்பது பேருக்கு எதிரில் எடுத்துச் சொல்லிவிட்டு, மணி அடித்ததும் கையிலுள்ள சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு வெளியேறிவிடலாம். சுமார் பதினெட்டு வருஷ காலம் நானும் இந்தச் சௌகரியத்தை அநுபவித்து வந்தேன். அது ஒருநாள் முடிவுக்கு வந்தது. முடித்துவைத்தவன் ஒன்பதாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சியில் உட்கார்ந்திருந்த ஒரு பையன்.

அன்று நான் நடத்திக்கொண்டிருந்தது, நாரையைத் தூது விட்ட சத்திமுத்தப் புலவரின் பாட்டு. மதுரையில் போர்த்திக்கொள்ளத் துணியின்றிக் குளிரில் நடுங்கும் புலவர், ஊரில் இருக்கும் மனைவிக்கு நாரையிடம் செய்தி சொல்லி அனுப்புகிறார். உருக்கமான பாட்டு. புலவரின் வறுமையைப் பற்றி நான் விஸ்தாரமாகப் பேசி, என் குரல் எனக்கே தழுதழுக்கத் தொடங்கிய சமயத்தில் அந்தப் பையன் எழுந்து நின்றான்.

"சார், நாரை எப்படி சார் இருக்கும்?"

ஜன்னலுக்கு வெளியே, பள்ளிக்கூடத்தை அடுத்த காலி மனையில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. அதன் ஓரத்தில் மண் நிறத்தில் ஒரு பறவை கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றது. தெய்வாதீனமாக எனக்காகவே வந்து நின்றதுபோல் தோன்றியது. "அதோ பார், அதுதான் நாரை" என்றேன். வகுப்பு முழுவதும் எட்டிப் பார்த்தது. நான் மறுபடி புலவரின் வறுமைக்குத் திரும்பினேன்.

மறுநாள் காலையில் பையன் என் மேஜை அருகில் வந்து, மற்றவர்கள் காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னான்: "சார், மடையானாம் சார்."

நான் திடுக்கிட்டேன். அவன் சொன்னது ஒரு பறவையின் பெயர் என்று விளங்க எனக்குச் சிறிது நேரம் பிடித்தது.

"நேத்து நீங்க காட்டினது நாரை இல்லையாம். அது மடையானாம். எங்க தாத்தா சொன்னாரு."

"தாத்தா வேறு என்ன சொன்னார்?"

பையன் தயங்கினான். "வாத்தியாரு ஏரிக்கரைப் பக்கம் போனதே இல்லையான்னு கேட்டாரு சார்."

போனதில்லை என்பதுதான் வாஸ்தவம். நாரையும் கொக்கும் வரும் பாட்டுகளைப் படித்துப் பரீட்சை எழுதியிருக்கிறேன், பட்டம் வாங்கியிருக்கிறேன், அந்தப் பட்டத்தைக் கொண்டு உத்தியோகமும் பார்த்து வருகிறேன். ஆனால் நாரையை நாரை என்று அறிந்து ஒரு தடவையாவது பார்த்தது கிடையாது. படிப்பாளிகள் என்று சொல்லிக்கொள்ளும் நம்மில் அநேகருடைய நிலைமை இதுதான் என்று எண்ணி நான் அன்று ஒருவாறு ஆறுதல் தேடிக்கொண்டேன். ஆனால் அந்த ஆறுதல் நிலைக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் எழுந்து, "எங்கே புறப்பட்டுவிட்டீர்கள்?" என்று கேட்ட என் மனைவிக்குச் சரியான பதில் சொல்லாமல், வண்டலூருக்குப் புறப்பட்டேன்.

* * *

ஊரப்பாக்கத்தில் வசிப்பவர்களுக்கு வண்டலூர் மிருகக்காட்சிசாலை என்பது, வீட்டுக்கு விருந்தினர் வந்தால் அழைத்துக்கொண்டு போகவேண்டிய இடம். விருந்தினர் இல்லாத காலத்தில் அது அடுத்த ஊரில் இருக்கிறது என்ற நினைவே நமக்கு இராது. 1855-ஆம் வருஷம் எழும்பூர் மியூஸியத்தில் எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர் தொடங்கிய சிறிய மிருகக் கூட்டம் அது. பிறகு சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலிருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985-இல் வண்டலூர்க் காட்டுக்கு வந்து சேர்ந்தது. அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா என்று இன்று பெயர். புலி, சிங்கம், யானைகளைப் பார்க்க ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள்.

அந்தக் கூட்டம் போகும் பாதையிலிருந்து சற்று விலகினால் ஓட்டேரி என்ற ஏரி இருக்கிறது. காட்டில் பெய்யும் மழைநீர் வந்து தேங்கும் பழைய ஏரி. பூங்காவுக்குள் இருந்தாலும், அங்கே உள்ள பறவைகளை யாரும் பிடித்து வந்து அடைக்கவில்லை. அவை தாமாக வருகின்றன, கூடு கட்டுகின்றன, குஞ்சு பொரிக்கின்றன, தாமாகப் போகின்றன. கம்பிக்குள் இருக்கும் பிராணிகளைக் காண டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்த நாம், சுயராஜ்யத்தில் வாழும் பிராணிகளைக் கவனிக்காமல் வெளியே போய்விடுகிறோம்.

நான் முதலில் போனது நவம்பர் மாதக் கடைசியில். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து ஏரி நிறைந்திருந்தது. தண்ணீரில் நின்ற மரங்களின் உச்சிகளில் வெள்ளைத் துணிகளை உலர்த்தியது போன்ற தோற்றம். கிட்டப் போனதும் முதலில் நாற்றமும், பிறகு சத்தமும் வந்தன. ஒரே சமயத்தில் நூறு குழந்தைகள் தொண்டையைக் கொப்பளித்தால் எப்படி இருக்குமோ அப்படி ஓர் ஓசை. கவிகள் பாடிய நீர்ப்பறவைகளின் வாழ்க்கை இவ்வளவு நாற்றமும் கூச்சலும் உள்ளதாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பள்ளிக்கூடம் விடும் நேரம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. அதனாலேயே, சிறிது நேரத்துக்கெல்லாம் அந்த இடம் எனக்குப் பழகிப்போய்விட்டது.

சக ஆசிரியர் ஒருவர் தம்முடைய பைனாகுலரை இரவல் கொடுத்தார். அதன் உதவியால் நான் பறவைகளின் பெயர்களைக் கற்கத் தொடங்கினேன். முதலில் இங்கிலீஷ் புத்தகத்தில் இருந்த பெயர்களை நெட்டுருப் போட்டேன். பிறகுதான், நம்முடைய குடியானவர்களும் வலையர்களும் இவற்றுக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்களை வைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. வளைந்த அலகு உடையது அரிவாள் மூக்கன். அலகின் நுனி தட்டையாக விரிந்திருப்பது கரண்டிவாயன். உடலைத் தண்ணீருக்குள் அமிழ்த்திக்கொண்டு மெல்லிய கழுத்தை மட்டும் பாம்புபோல் வெளியே நீட்டி நீந்துவது பாம்புத்தாரா. பகலில் தூங்கிவிட்டு, பொழுது சாய்ந்ததும் கரகரத்த குரலோடு இரை தேடப் புறப்படுவது வக்கா. சிறகுகளை விரித்து வெயிலில் காயவைத்துக்கொண்டிருப்பது நீர்க்காகம். அதன் இறகுகள் தண்ணீரில் நனைந்துபோகக் கூடியவை. அதனால் முழுகி மீன் பிடிப்பது சுலபமாகிறது, முழுகி எழுந்த பிறகு உலர்த்தவேண்டியதும் அவசியமாகிறது.

இந்தப் பெயர்களையெல்லாம் படித்தவர்களுக்கு நினைவூட்டியவர்களில் ஒருவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர். கல்கத்தா "ஸ்டேட்ஸ்மன்" பத்திரிகையில் 1950 முதல் 1996-இல் காலமாகும் வரையில் இயற்கையைப் பற்றி விடாமல் எழுதி வந்தார், தமிழிலும் எழுதினார். அப்படி ஒருவர் நம் சென்னையிலேயே வாழ்ந்தார் என்பதையும் நான் இந்தப் பித்துப் பிடித்த பிறகுதான் அறிந்தேன்.

* * *

கூடு கட்டும் காரியத்தைக் கவனிக்கத் தொடங்கினால் பொழுது போவது தெரியாது. பெரும்பாலும் ஒரு பறவை சுள்ளி கொண்டுவரும். மற்றது கூட்டில் இருந்தபடி அதை வாங்கிச் செருகும். ஒவ்வொரு சுள்ளிக்கும் ஓர் உபசாரம் உண்டு. தலை தாழ்த்துவதென்ன, கழுத்தை நீட்டுவதென்ன! இவ்வளவு மரியாதையோடு வாங்கிவைத்த சுள்ளியை, அடுத்த கூட்டுக்காரர் ஆசாமி அசந்த நேரம் பார்த்து இழுத்துக்கொண்டு போய்விடுவார். மனை வாங்கி வீடு கட்டிய அநுபவம் உள்ளவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இராது.

கூடு கட்டும் காலத்தில் வெள்ளைக் கொக்கின் முதுகில் மெல்லிய நூலிழைகள் போன்ற இறகுகள் தழைத்துத் தொங்கும். காற்றில் அவை அசையும்போது பார்க்க வேண்டும்! இந்த அழகே ஒரு காலத்தில் அவற்றுக்கு யமனாக வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சீமாட்டிகளின் தொப்பிகளில் இந்த இறகுகளைச் செருகிக்கொள்வது நாகரிகமாயிற்று. எடைக்கு எடை தங்கத்தைவிட அதிக விலை கிடைத்தது. இந்த இறகு வளர்வது கூடு கட்டும் காலத்தில். ஆகவே வேட்டைக்காரர்கள் தாயையும் தந்தையையும் கூட்டருகிலேயே சுட்டார்கள். குஞ்சுகள் கூட்டிலேயே பட்டினியால் மடிந்தன. இதைக் கண்டு பொறுக்காமல் இங்கிலாந்தில் சில பெண்மணிகள் 1889-இல் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அதுதான் இன்று அந்த நாட்டின் பெரிய பறவைப் பாதுகாப்புச் சங்கமாக வளர்ந்திருக்கிறது. இந்தியாவிலிருந்து இறகுகளை ஏற்றுமதி செய்வது 1902-இல் தடை செய்யப்பட்டது. தொப்பி போட்டுக்கொள்ளாத நம் நாட்டுப் பெண்களுக்கு இந்தப் பாவத்தில் பங்கில்லை என்று நாம் பெருமைப்படலாம். ஆனால் அதிகமாகப் பெருமைப்பட வேண்டாம் என்பதைச் சிறிது நேரத்தில் சொல்லப் போகிறேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை முதல் அந்தப் பையனையும் கூட அழைத்துக்கொண்டு போனேன். அவன் தாத்தாவின் அநுமதியோடுதான். கரைக்கு அருகில் இருந்த ஒரு கருவேல மரத்தில் உண்ணிக் கொக்கின் கூடு ஒன்று எங்கள் கண்ணுக்கு நேராக அமைந்திருந்தது. மாடுகளின் பின்னாலேயே நடந்து பூச்சி பொறுக்குமே, அந்தக் கொக்குதான். இனப்பெருக்க காலத்தில் அதன் தலையும் கழுத்தும் மஞ்சள் பூசியதுபோல் பொன்னிறமாகிவிடும். தாயும் தந்தையும் முறைபோட்டுக்கொண்டு அடைகாத்தன. வாராவாரம் நாங்கள் அந்தக் கூட்டையே கவனித்து வந்தோம்.

தைப் பொங்கலுக்கு முந்திய ஞாயிறன்று மூன்று குஞ்சுகள் தலை நீட்டின. பையனுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. மூன்றும் ஒரே அளவாக இல்லை. ஒன்று பெரியது, ஒன்று நடுத்தரம், ஒன்று மிகச் சிறியது. முதல் முட்டை இட்டவுடனேயே தாய் அடைகாக்கத் தொடங்கிவிடுவதால், பின்னால் இட்ட முட்டைகள் ஒவ்வொன்றும் பிந்தியே பொரிகின்றன. அந்த ஓரிரண்டு நாள் வித்தியாசம்தான் கடைக்குட்டியின் தலையெழுத்து.

அடுத்த வாரம் நாங்கள் பார்த்த காட்சியை எழுத எனக்கு மனம் இல்லை. ஆயினும் எழுதாமல் விடுவது நேர்மையாகாது. தாய் இரை கொண்டுவந்தது. மூத்த குஞ்சுகள் இரண்டும் முதலில் இரையைப் பறிக்கவில்லை. திரும்பி, கடைக்குட்டியின் தலையில் மாறி மாறிக் கொத்தின. அது தலையைக் கூட்டின் விளிம்புக்கு அடியில் மறைத்துக்கொண்டது. பிறகு அவை இரண்டும் தாயின் அலகைப் பிடித்து இழுத்து வயிறு நிரம்பத் தின்றன. தாய் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நின்றது, தடுக்கவில்லை. சிறிது நேரத்தில் பறந்து போய்விட்டது.

"சார், அந்த அம்மா ஏன் சார் சும்மா இருக்கு?" என்று பையன் கேட்டான்.

இந்தத் தடவை தெரிந்ததுபோல் பாவனை செய்ய எனக்குத் தைரியம் இல்லை. படித்துவிட்டு வந்து சொல்வதாகச் சொன்னேன். படித்தேன். உண்ணிக் கொக்கிலும் வேறு சில கொக்கினங்களிலும் இது சாதாரணமாக நடப்பதுதான். தண்ணீரும் இரையும் நிறைந்த வருஷமானால் மூன்றும் பிழைக்கக்கூடும். குறைந்த வருஷமானால், மூன்றும் அரை வயிற்றோடு சாவதற்குப் பதில் இரண்டாவது உரமாக வளரும். அந்த வருஷம் எப்படி இருக்கும் என்பது முட்டை இடும்போது தாய்க்குத் தெரியாது. ஆகையால் ஒன்றைக் கூடுதலாக இட்டுவைக்கிறது. இதையெல்லாம் நான் மறு வாரம் சொன்னபோது பையன் கேட்டுக்கொண்டான். ஆனால் அவன் கண் கூட்டின் மேலேயே இருந்தது. கூட்டில் இரண்டு குஞ்சுகள்தாம் இருந்தன.

வெகு நேரம் கழித்து அவன், "அப்ப தண்ணி நிறைய இருந்தா அது பிழைச்சிருக்கும், இல்லையா சார்?" என்றான்.

பிழைத்திருக்கக்கூடும் என்றுதான் நான் சொல்ல முடிந்தது.

* * *

தண்ணீர்தான் இந்த நாடகத்தின் சூத்திரதாரி என்பதை அந்தக் கேள்விக்குப் பிறகுதான் உணர்ந்தேன். பறவைகள் ஏன் தண்ணீர் நடுவே நிற்கும் மரங்களைத் தேடி வருகின்றன? பூனையும் கீரியும் நாயும் நீந்தி வந்து கூட்டில் கை வைக்கமாட்டா என்ற நம்பிக்கையினால். ஏரி அகாலத்தில் வற்றினால் அகழி இல்லாத கோட்டைபோல் ஆகிவிடும். அதோடு மீனும் குறைந்துபோகும். அப்போது பெற்றோர் முட்டையையும் குஞ்சையும் விட்டுவிட்டுப் போய்விடுவதும் உண்டு. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் வண்டலூர்ப் பூங்காவின் மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. 2019-ஆம் வருஷத்து வறட்சியில் சென்னைக்குக் குடிநீர் கொடுக்கும் ஏரிகளே பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன; ஓட்டேரியும் வறண்டது. பறவைகள் வருமா என்று யோசித்தவர்கள் உண்டு. நீர் வரும் வழிகளைச் சீர்ப்படுத்தினார்கள், மழையும் பெய்தது, பறவைகள் திரும்பி வந்தன. வந்தன என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டேன். அந்த வார்த்தைக்குப் பின்னால் எவ்வளவு மண்வெட்டி வேலை இருக்கவேண்டும்!

ஆனால் ஏரி ஒன்று மட்டும் இருந்தால் போதாது. நான் தேடிப் போன நாரையே இதற்குச் சாட்சி. கடைசியில் அதைக் கண்டுபிடித்துவிட்டேன் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேனே! அதன் பெயர் நத்தைகுத்தி நாரை. அதனுடைய அலகின் இரு பாகங்களும் நடுவில் பொருந்தாமல் ஓர் இடைவெளி இருக்கும். பாக்குவெட்டிபோல் அதில் நத்தையை வைத்து நொறுக்குகிறது என்று முற்காலத்தில் எண்ணினார்கள். உண்மையில் அது ஓட்டை நொறுக்குவதில்லை. அலகின் கூரிய நுனியை ஓட்டுக்குள் செலுத்தி, உள்ளிருக்கும் சதையைப் பிரித்து இழுத்து விழுங்கிவிடுகிறது. குஞ்சாக இருக்கும்போது இந்த இடைவெளி கிடையாது. வளர வளரத்தான் ஏற்படுகிறது. உச்சி வெயிலில் தாய் நாரை சிறகை விரித்துக் குடைபோல் பிடித்துக்கொண்டு, குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்தபடி நிற்கும். அந்தக் கொக்கின் கூட்டைப் பார்த்துக் கசந்த மனத்துக்கு இது மருந்தாக இருந்தது.

நத்தை எங்கே இருக்கும்? வயலில் இருக்கும். வயல் எங்கே இருக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டுதான் நான் பையனின் தாத்தாவைப் பார்க்கப் போனேன்.

பெரியவருக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். திண்ணையில் பாய் போட்டு உட்காரச் சொன்னார். மடையான் விஷயத்தை அவர் கிளப்பவில்லை; அது அவருடைய பெருந்தன்மை. எங்கள் பகுதி ஏரியைப் பற்றிக் கேட்டேன். எந்த மதகிலிருந்து எந்த வாய்க்கால் போயிற்று, யார் யாருக்கு எவ்வளவு நஞ்சை இருந்தது என்று விரலை மடக்கி எண்ணிச் சொன்னார். நத்தைகுத்தி நாரைகள் நடவு வயலில் வரிசையாக நின்ற காலத்தைச் சொன்னார். பேச்சுவாக்கில், "வாத்தியாரய்யா வீடு எந்தத் தெரு?" என்று விசாரித்தார். சொன்னேன்.

பெரியவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அது கீழ மடைக் கழனிங்க. நல்ல மண்ணு. முப்போகம் விளைஞ்ச இடம்" என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. மனிதர் தம்முடைய நிலத்தின் பெயரைச் சொன்னார், அவ்வளவுதான்.

நேயர்களே! நான் பறவைகளுக்காக இரக்கப்பட்டு ஞாயிற்றுக்கிழமை தோறும் பைனாகுலருடன் புறப்பட்டேன். என் படுக்கை அறை இருக்கும் இடத்தில்தான் அந்த நாரைகள் ஒரு காலத்தில் நத்தை பொறுக்கின என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தொப்பியில் இறகு செருகிய சீமாட்டிகளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவர்கள் பறவையைக் கொன்றார்கள். நான் அதன் சோற்றின்மேல் வீடு கட்டிக் குடிபுகுந்து, கிருகப் பிரவேசத்துக்கு எல்லோரையும் அழைத்துச் சாப்பாடு போட்டேன்.

2015 டிசம்பரில் பெய்த பெருமழையில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. வீட்டுக்குள் புகுந்து புத்தக அலமாரியின் கீழ்த் தட்டை நனைத்தது. "ஏரித் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டதே!" என்று அப்போது நான் அங்கலாய்த்தேன். வந்தது யார் வீட்டுக்குள் யார் என்பதைப் பெரியவரின் திண்ணையில் உட்கார்ந்துதான் விளங்கிக்கொண்டேன்.

* * *

நம் ஜனங்களுக்கு இந்த விஷயத்தில் அறிவு இல்லாமல் போய்விட்டதா என்றால், அதுவும் இல்லை. இதே செங்கற்பட்டுச் சீமையில்தான் வேடந்தாங்கல் இருக்கிறது. ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். கும்பினியார் காலத்தில் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே வந்து பறவைகளைச் சுட்டார்கள். அந்தக் கிராமத்தார் என்ன செய்தார்கள் தெரியுமா? கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். லயோனல் பிளேஸ் என்ற அந்தக் கலெக்டர் 1798-இல் ஏரியையும் பறவைகளையும் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். பிறகு 1936-இல் சர்க்காரே அதைப் பறவைச் சரணாலயமாக அங்கீகரித்தார்கள். 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் நீர்நிலைகளின் பட்டியலில் அது சேர்ந்தது.

அந்தச் சீமை கும்பினியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த காலம் அது. துப்பாக்கிக்காரனைப் பற்றி அவனுடைய எஜமானிடமே புகார் சொல்ல அந்தக் குடியானவர்களுக்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது? கருணை மட்டும் காரணமன்று. கணக்கும் அவர்களுக்குத் தெரியும். பறவைகளின் எச்சம் ஏரியில் விழுகிறது, அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலில் பாய்கிறது, நெல் செழிக்கிறது. பறவை கொடுக்கும் உரத்துக்குக் கூலி, அதை நிம்மதியாக இருக்க விடுவது. இந்த உடன்படிக்கையை இருநூறு வருஷத்துக்கு மேலாக அவர்கள் காப்பாற்றி வருகிறார்கள். சிவகங்கைச் சீமையில் வேட்டங்குடிப் பறவைச் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி கிராமத்தார், பறவைகள் மிரளக்கூடாது என்பதற்காகத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. குழந்தைகள் உள்ள வீட்டில் தீபாவளிக்குப் பட்டாசு இல்லை என்பது லேசான தியாகமா என்று, குழந்தைகள் உள்ள வீட்டுக்காரர்கள் யோசித்துப் பார்க்கவேண்டும்.

அப்படிப்பட்ட காவலும் ஒருநாள் செய்து முடிந்துவிடுகிற காரியம் அன்று. வேடந்தாங்கல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை உள்ள சரணாலய எல்லையை 3 கிலோமீட்டராகக் குறுக்கலாம் என்று 2020-இல் ஒரு யோசனை கிளம்பியது. அதற்குப் பலத்த எதிர்ப்பும் கிளம்பியது. 1798-இல் துப்பாக்கி வந்தது. பின்னால் வரைபடமும் பென்சிலும் வருகின்றன. முறையிடும் ஜனங்கள் எந்தக் காலத்திலும் தேவைப்படுகிறார்கள்.

* * *

சென்ற வருஷம் எங்கள் தெருக்காரர்களின் கூட்டம் ஒன்று நடந்தது. எங்கள் ஏரியில் மிஞ்சியிருக்கும் தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு கருவேல மரங்கள் நிற்கின்றன. அவற்றை வெட்டிவிட்டு, கரையைச் சுற்றி நடைபாதை போட்டு, விளக்கும் வைக்கவேண்டுமென்று மனு எழுத யோசனை வந்தது. "மரத்தில் பறவை அடைகிறது, ஒரே நாற்றம்" என்றார் ஒருவர். எல்லோரும் கை தூக்கத் தயாராக இருந்தார்கள். இரண்டு மூன்று வருஷங்களுக்கு முன்பானால் நானும் தூக்கியிருப்பேன்; சொல்லப்போனால் மனுவை எழுதிக் கொடுப்பவனே நானாகத்தான் இருந்திருப்பேன்.

எழுந்து நின்றேன். வகுப்பில் தினமும் ஐந்து மணி நேரம் பேசுகிறவனுக்கு அன்று நாக்கு உலர்ந்துபோயிற்று. நடைபாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; மரங்களை விட்டுவிடலாம் என்றேன். அவற்றில் அடைவது வக்கா என்றேன். "வாத்தியாருக்கு வீட்டில் வேலை இல்லை போலிருக்கிறது" என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, சிரிப்பு எழுந்தது. அப்போது ஒரு மூலையில் உட்கார்ந்திருந்த பெரியவர் மெல்ல எழுந்தார். அந்த மரங்கள் எந்த வருஷத்துப் பஞ்சத்துக்குப் பிறகு முளைத்தவை என்பதிலிருந்து ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினார். நேரமாகிவிட்டபடியால் யோசனை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. வெற்றி என்று சொல்வதற்கில்லை. மனு இன்னும் யார் வீட்டு மேஜை டிராயரிலோ இருக்கிறது.

இந்த வருஷம் கார்த்திகையில் பையன் ஓடிவந்தான். இப்போது அவன் மேல் வகுப்புக்குப் போய்விட்டான்; குரலும் உடைந்துவிட்டது. "சார், நம்ம ஏரியில ரெண்டு கூடு!" என்றான். போய்ப் பார்த்தேன். கருவேலங் கிளையில் சுள்ளிகளைத் தாறுமாறாக அடுக்கியிருந்த இரண்டு கூடுகள். ஒன்றில் சாம்பல் நிற உடலும் கறுத்த முடியும் சிவந்த கண்ணுமாக வக்கா ஒன்று அசையாமல் அமர்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மூணு முட்டை இருக்குமா சார்?"

"இருக்கலாம். எனக்குத் தெரியாது" என்றேன். "தெரியாது" என்று சொல்வது வரவர எனக்குச் சுலபமாகி வருகிறது.

அடுத்த மாதம் மறுபடியும் கூட்டம் இருக்கிறது. பெரியவருக்கு உடம்பு சரியில்லை. அவர் வருவது சந்தேகம். நான் போகவேண்டும். கொஞ்சம் முன்னதாகவே போய் முன் வரிசையில் உட்காருவதாக உத்தேசம்.